எங்க தாத்தா கருங்காலி

எங்க தாத்தா ஒரு கருங்காலி. இத நான் சொல்லல. எங்க தெருவே சொல்லுச்சு.

நான் அஞ்சாப்பு படிக்கிறப்ப, அடிபம்புல தண்ணி பிடிக்கிற சண்டையில சின்னத்தாத்தா வீட்டுப் பேத்தி என் குடத்த எட்டி ஒதைச்சுட்டு, "போடி கருங்காலி பேத்தி"ன்னா. எனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. கருப்பா இருக்கிற காலத்தான் சொல்றான்னு நெனச்சு, "ஓங் காலு மட்டும் செவப்பாக்கும்"னு திருப்பிக் கேட்டேன். சுத்தி நின்ன பொம்பளைங்க சிரிச்சாங்க. எங்க அப்பத்தா மட்டும் சிரிக்கல. குடத்தத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போயிருச்சு.

தாத்தாவும் சின்னத்தாத்தாவும் ஒரே வயித்துல பெறந்தவங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்துதான். ஆனா 1974லருந்து 2001ல தாத்தா சாகுற வரைக்கும், 27 வருஷம், ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கல. எழவு வீட்டுக்குச் சின்னத்தாத்தா வந்தாரு. தலமாட்டுல நின்னாரு. அழல. போயிட்டாரு. பொறவு நான் தமிழ் எம்.ஏ. படிச்சு, இயக்கத்துக்கு வந்து, மேடையில 'உழைக்கும் மக்கள் ஒற்றுமை'ன்னு பேசும்போதெல்லாம் அந்தச் சந்து எனக்கு ஞாபகத்துக்கு வரும். பேச்சு கொஞ்சம் தடுக்கும்.

ஒரு மே நாள் கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கையில இந்தக் கதையச் சொன்னேன். வயசான தொழிற்சங்கத் தோழர் ஒருத்தர், "ஓ, நீங்க கருங்காலி குடும்பமா?"ன்னு சிரிச்சாரு. வேடிக்கைக்குத்தான் கேட்டாரு. ஆனா டீ எறங்கல. அன்னைக்கே இத எழுதியிருக்கணும். அப்ப எனக்குப் பாதிக்கதைதான் தெரியும். மீதிக்கதை தெரிஞ்ச பிறகுதான் எழுதுறேன்.

எங்க ஊரு பழனி மலை அடிவாரத்துல இருக்கு. வத்தலக்குண்டுக்கும் கொடைரோட்டுக்கும் நடுவுல. மேற்க பாத்தா மலை, கிழக்க போனா ரயில். கொடைக்கானலுக்கு ரயில் கிடையாது. கொடைக்கானல் பேரச் சுமந்துக்கிட்டு நிக்கிற ஸ்டேஷன், மலைக்குக் கீழ 80 கிலோமீட்டர் தள்ளி அம்மையநாயக்கனூர்ல இருக்கு. 1845இல் அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில்பாதை வந்தது. வெள்ளைக்காரர்கள் ரயிலில் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் போய், அங்கிருந்து நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து மலையேறினார்கள். உட்கார்ந்தவர்கள் பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தூக்கியவர்கள் பேரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அந்தப் பாதைக்குக் 'கூலி காட்' என்று பேர் வைத்ததோடு அவர்கள் கணக்கு முடிந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வண்டி ஓடுகிற ரோடு வந்தது. அதற்குப் பிறகு மனுசனைத் தூக்குவது நின்றது. சுமை நிற்கவில்லை.

அப்பத்தா பொறந்தது பண்ணைக்காட்டுப் பக்கம் மலைமேல. கல்யாணமாகிக் கீழ வந்துருச்சு. ஆனா சித்திர வைகாசி வந்தா, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிரும். பிளம்ஸ் காலம் அது. தோட்டத்துல பழம் பறிச்சு, மூங்கில் கூடையில இல பரப்பி அடுக்கி, தலச்சுமையா ரோட்டுக்குக் கொண்டாரணும். கூடைக்கு இம்புட்டுன்னு கூலி. ரோட்டுலருந்து லாரியில கொடைரோடு ஸ்டேஷன். அங்கருந்து மெட்ராசுக்கு. இதுல ஒண்ணக் கவனிக்கணும். பழக்கூட கூட்ஸ் வண்டியில போகாது. கூட்ஸ் எப்பப் போயிச் சேரும்னு சொல்ல முடியாது, பழம் அழுகிரும். சனம் ஏறிப் போற வண்டியோட பார்சல் பெட்டியிலதான் கூட போகும். மலையில பழம் சுமக்கிற பொம்பளைக்கிக் கூலி கிடைக்கணும்னா கீழ பாசஞ்சர் வண்டி ஓடணும்.

எங்க ஆளுகளுக்குப் பாசஞ்சர் வண்டி வேற மாதிரியும் முக்கியம். அப்பத்தா சொல்லும்: "டீக்கடையில நமக்குத் தனிக் கிளாசு. பஸ்சுல சீட்டுல உக்காந்தா ஏற எறங்கப் பாப்பான். ரயிலுக்குள்ள யாரு என்னான்னு தெரியாது தாயி. பலகையில எடம் இருந்தா உக்காந்துக்கலாம்." அந்தப் பலகையில ஒரு மணி நேரம் உக்காந்து போறதுக்காகவே திண்டுக்கல் சந்தைக்குப் போனதா அப்பத்தா சொல்லியிருக்கு.

தாத்தாவும் சின்னத்தாத்தாவும் ரெண்டு பேருமே தண்டவாளத்து வேலைதான். அதுலயும் ஒரு சந்து இருந்துச்சு. சின்னத்தாத்தா நிரந்தர கேங்மேன். தாத்தா தினக்கூலி, காசுவல். ஒரே ஜல்லிய ஒரே பீட்டராலதான் ரெண்டு பேரும் குத்துனாங்க. ஒரே சிலீப்பர் கட்டையத்தான் தோள் குடுத்துத் தூக்குனாங்க. ஆனா தம்பிக்கு மாசச் சம்பளம், பாஸ், லீவு. அண்ணனுக்கு வேல இருந்த அன்னைக்கிக் கூலி. ஏன் அப்படின்னா, ஆள் எடுத்த அன்னைக்கித் தாத்தா காய்ச்சல்ல கெடந்தாராம். அம்புட்டுதான் காரணம்.

1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ரயில்வே தீண்டப்படாத தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசிய பேச்சை எம்.ஏ. படிக்கிற காலத்தில் படித்தேன். தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் உண்டு என்று அவர் சொன்னது அங்கேதான். அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பேச்சில் அவர் சொன்ன சின்ன விஷயம் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. தீண்டப்படாதவருக்கு ரயில்வேயில் போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர்தான் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்குள் விட முடியாதவனைப் போர்ட்டராக வைக்க மாட்டார்கள். அவன் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே சாக வேண்டும். இதைப் படித்தபோது சின்னத்தாத்தா எனக்குக் கண் முன்னால் வந்தார். அந்தக் கேங்மேன் வேலைக்கும் கீழே ஒரு படி இருந்தது. அதில் எங்க தாத்தா நின்றுகொண்டிருந்தார்.

இனி 1974க்கு வருகிறேன். பிப்ரவரியில் ரயில்வே சங்கங்கள் சேர்ந்து தேசிய ஒருங்கிணைப்புக் குழு அமைத்தன. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை. 8 மணி நேர வேலை, போனஸ், பொதுத்துறைத் தொழிலாளிக்குச் சமமான ஊதியம், பஞ்சப்படி, நியாய விலையில் தானியம் என்று கோரிக்கைகள். மே 8 முதல் வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு. மே 2ஆம் தேதியே பெர்னாண்டசைக் கைது செய்தார்கள். மிசாவும் இந்தியப் பாதுகாப்பு விதிகளும் பாய்ந்தன. நாடு முழுக்கப் பல்லாயிரம் பேர் சிறைக்குப் போனார்கள். ரயில்வே குடியிருப்புகளில் குடும்பங்களைத் தெருவில் தள்ளினார்கள். லட்சக்கணக்கான தொழிலாளிகள் 20 நாள் தாக்குப்பிடித்தார்கள். இந்திய வரலாற்றில் அவ்வளவு பெரிய ரயில் வேலைநிறுத்தம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இதெல்லாம் எழுதப்பட்ட வரலாறு. இதில் ஒன்றை நாம் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பாசஞ்சர் வண்டிகள் மே 8ஆம் தேதி நிற்கவில்லை. அதற்கு முன்னாடியே குறைய ஆரம்பித்துவிட்டன. நிறுத்தியது தொழிலாளி இல்லை. அரசாங்கம்.

கணக்கு எளிமையானது. அது நிலக்கரி எஞ்சின்கள் நிறைய ஓடிய காலம். ஒரு பாசஞ்சர் வண்டி ஓட ஒரு எஞ்சின் வேணும், கரி வேணும், டிரைவர், பயர்மேன், கார்டு வேணும். வேலைநிறுத்தம் வந்தால் கரி வராது. கரி வராவிட்டால் மின்சார நிலையம் நிற்கும், ஆலை நிற்கும். அதனால் வேலைநிறுத்தம் தொடங்கும் முன்னாலேயே கரியையும் தானியத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். எஞ்சினையும் ஆளையும் எங்கிருந்து எடுப்பது? சனம் போகிற வண்டியிலிருந்து எடுத்தார்கள். கூட்சுக்காகப் பாசஞ்சரை ரத்து செய்தார்கள். பிளாட்பாரத்தில் மூட்டை முடிச்சோடு நின்ற ஏழை சனம் யாரைத் திட்டியது? அமைச்சரையா திட்டியது? 'ரயில்வேக்காரனுக்குக் கொழுப்பு' என்று கேங்மேனைத்தான் திட்டியது. ஒரே அடியில் இரண்டு லாபம். கரியும் போய்ச் சேர்ந்தது, தொழிலாளிக்கும் சனத்துக்கும் நடுவில் ஒரு சந்தும் விழுந்தது.

இது நம்ம ஊர் தந்திரம் மட்டுமில்லை. 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் கூட்ஸ் ரயில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியமான கோரிக்கை. அங்கே ஆம்டிராக் என்ற பயணிகள் ரயிலின் தொழிலாளர்கள் அந்தத் தகராறிலேயே இல்லை. ஆனால் பெரும்பாலான தூரம் ஆம்டிராக் ஓடுவது கூட்ஸ் கம்பெனிகளுக்குச் சொந்தமான தண்டவாளத்தில். அதனால் வேலைநிறுத்தம் தொடங்கும் முன்னாலேயே தொலைதூர வண்டிகளையெல்லாம் ஆம்டிராக் ரத்து செய்தது. கடைசி நேரத்தில் பேச்சுவார்த்தையில் வேலைநிறுத்தம் தள்ளிப்போனது. டிசம்பரில் அவர்கள் நாடாளுமன்றமே சட்டம் போட்டு வேலைநிறுத்தத்தைத் தடுத்தது. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு அந்தச் சட்டத்தில் இல்லை. பயணிகள் பாவம் என்று அத்தனை பேரும் பேசினார்கள். காய்ச்சலோடு கூட்ஸ் ஓட்டுகிறவன் பாவம் என்று பேச ஆள் குறைவு.

திரும்பவும் எங்க ஊருக்கு வர்றேன். 1974 ஏப்ரல் கடைசி. மலையில பிளம்ஸ் பழுத்து நிக்கிது. கொடைக்கானல்ல சீசன். வண்டி குறைஞ்சதால சீசனுக்கு வர்ற கூட்டமும் கொறஞ்சு போச்சு. மூட்ட தூக்குறவங்க, குதிர பிடிக்கிறவங்க, லாட்ஜுல துணி தொவைக்கிறவங்க எல்லாரும் சும்மா உக்காந்துட்டாங்க. அது மேல் சுமை. அடிச் சுமை பழக்கூட. வண்டி இல்ல, பார்சல் எடுக்க முடியாதுன்னு ஸ்டேஷன்லருந்து கூட திரும்ப ஆரம்பிச்சுது. லாரியில மெட்ராசுக்கு அனுப்பலாம்னா, அதுக்கு முந்தின வருஷக் கடைசியிலதான் உலகம் முழுக்க எண்ணெய் வெல ஏறியிருந்துச்சு. லாரி வாடக கட்டாதுன்னு மண்டிக்காரரு கைய விரிச்சுட்டாரு. "பறிக்காதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. மே மாசம் முதல் வாரத்துலயே அப்பத்தாவுக்குக் கூலி நின்னு போச்சு. வேலைநிறுத்தம் அப்ப இன்னும் தொடங்கவே இல்ல.

8ந் தேதி சின்னத்தாத்தா வேலைக்குப் போகல. போலீசு தேடுதுன்னு தெரிஞ்சதும் மலையேறிட்டாரு. அப்பத்தாவோட அண்ணன் வீட்டுல, பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்து லயத்துல ஒளிஞ்சிருந்தாரு. தம்பியப் பத்திரமா மலைக்குக் கூட்டிட்டுப் போயி விட்டுட்டு வந்தது எங்க தாத்தாதான். இத எங்க தெருவுல யாரும் சொல்ல மாட்டாங்க.

கேங் வேல நின்னதால தாத்தாவுக்கும் கூலி இல்ல. ஒம்பது நாளு பொறுத்தாரு. பத்தாவது நாள் ஒரு மேஸ்திரி வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. "ராத்திரி லைன் பாக்க ஆள் வேணும். இப்ப வந்து நின்னவன மறக்க மாட்டேன். ஒம் பேர நிரந்தரத்துக்கு நான் எழுதி வாங்கித் தர்றேன்"னு சொன்னாரு. அந்த நேரத்துல வேலைக்கி வந்தவங்களுக்கு 'விசுவாசத் தொழிலாளி'ன்னு பேரு. அவங்களுக்குச் சம்பள உயர்வு, புள்ளைகளுக்கு வேலன்னு நாடு முழுக்கப் பேச்சு இருந்துச்சு. தாத்தா போனாரு. கையில ஒரு லாந்தர், ஒரு சுத்தியல். ராத்திரி முழுக்கத் தண்டவாளத்து மேல நடந்து, யாராவது பிஷ் பிளேட்டக் கழட்டியிருக்காங்களான்னு பாக்கணும். 11 ராத்திரி நடந்தாரு.

மே 27ல வேலைநிறுத்தத்த வாபஸ் வாங்கிட்டாங்க. கேட்டது ஒண்ணும் கிடைக்கல. சின்னத்தாத்தா மலையவிட்டு இறங்குனாரு, வேல போயிருந்துச்சு. தன்னோட அண்ணன் எந்தத் தண்டவாளத்துல நடந்தாருங்கிறதும் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்து வாசல்ல நின்னு ஒரே வார்த்ததான் சொன்னாராம். "கருங்காலி." அதுதான் தம்பி அண்ணங்கிட்டப் பேசுன கடைசி வார்த்த.

1977இல் ஜனதா ஆட்சி வந்ததும், வேலைநிறுத்தத்தில் வேலை போனவர்களைத் திரும்ப எடுத்தார்கள். சின்னத்தாத்தா மறுபடியும் கேங்மேன் ஆனார். 1979இல் ரயில்வே தொழிலாளிக்குப் போனசும் வந்தது. கருங்காலி ஆன எங்க தாத்தா? மேஸ்திரி வாக்கு மேஸ்திரி வாயோடு போச்சு. தாத்தா கடைசிவரைக்கும் தினக்கூலி. 1985இல் உச்ச நீதிமன்றம் இந்தர் பால் யாதவ் வழக்கில் ரயில்வே காசுவல் தொழிலாளிகளைப் படிப்படியாக வேலையில் சேர்க்க வழிசெய்தது. ஆனால் எத்தனை நாள் வேலை செய்தோம் என்று காட்டக் காகிதம் வேண்டும். தாத்தாவிடம் இருந்த காகிதம் ரேஷன் கார்டு ஒன்றுதான். 11 ராத்திரி நடந்ததற்கும் சாட்சி இல்லை, 18 வருசம் ஜல்லி குத்தியதற்கும் சாட்சி இல்லை.

இயக்கத்துக்கு வந்த பிறகு, 1974 வேலைநிறுத்தக் கோரிக்கைகளை முழுசாகத் தேடிப் படித்தேன். கை நடுங்கியது. காசுவல் தொழிலாளர்கள் அனைவரையும் நிரந்தரமாக்க வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் ஒரு கோரிக்கை. எங்க தாத்தாவுக்கான கோரிக்கை அச்சில் இருந்திருக்கிறது. அதற்காகவும் சேர்த்துத்தான் அத்தனை பேர் சிறைக்குப் போயிருக்கிறார்கள். தாத்தாவுக்கு அது தெரியாது. எங்க காலனிக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, 'இது உனக்கான போராட்டமும்தான்' என்று சொன்னவர் யாருமில்லை. மேஸ்திரி வந்தார். சங்கம் வரவில்லை. சின்னத்தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அவரும் அண்ணனிடம் சொன்னதாகத் தெரியவில்லை. காசுவலைக் கூட்டத்துக்குக் கூப்பிடும் பழக்கம் அப்போது இல்லை என்று எங்க அப்பா சொல்வார்.

தோழர்கள் கோபப்படலாம். வரலாற்றைப் பிறகு பார்ப்போம், கருங்காலி கருங்காலிதானே என்று கேட்கலாம். அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928 பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அங்கே நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோர்க்க வேண்டும். எச்சில் தீட்டு என்று தீண்டப்படாதவரைச் சக தொழிலாளிகளே நெசவுக்குள் விடவில்லை. 'இதை உங்கள் கோரிக்கையில் சேர்ப்பீர்களா?' என்பது கேள்வி. அடுத்த வருசம் 1929இல் வேலைநிறுத்தம் வந்தபோது அவர் அதை எதிர்த்தார். நம் ஆட்களை வேலைக்குத் திரும்பச் சொன்னார். அதே அம்பேத்கர்தான் 1938 நவம்பர் 7இல், வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கிற மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். இரண்டும் ஒரே ஆள். வேலைநிறுத்தம் என்பது தொழிலாளியின் சுதந்திரம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அந்தச் சுதந்திரத்தில் எனக்குப் பங்கு எவ்வளவு என்றுதான் கேட்டார்.

நான் தாத்தாவுக்கு வக்கீலாக வரவில்லை. அவர் நடந்த அந்த 11 ராத்திரியால் வேலைநிறுத்தத்துக்கு நஷ்டம்தான். அவரைப் போல ஒவ்வொரு கேங்கிலும் நாலு பேர் நடந்திருந்தால் அது போராட்டத்தின் முதுகில் விழுந்த அடி. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் ஏன் போனார் என்பதற்கு 'நிரந்தர வேலை ஆசை' என்ற பதிலைத்தான் இத்தனை வருசமும் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஜூன் மாசம் அப்பத்தாவுக்குக் கண்ணு பாக்கத் திண்டுக்கல் போக வேண்டியிருந்துச்சு. பஸ் வேணாம், ரயில்ல போவோம்னு அடம் பிடிச்சுச்சு. 80 வயசுக்கு மேல ஆச்சு. கொடைரோடு ஸ்டேஷன்ல உக்காந்திருந்தோம். மேற்க மலை மங்கலாத் தெரிஞ்சுது. ஒரு கூட்ஸ் வண்டி வந்துச்சு, நிக்காமப் போச்சு. அப்பத்தா வெரல மடக்கிப் பெட்டிய எண்ணுச்சு. பழைய பழக்கம். பாதியிலேயே எண்ணிக்கைய விட்டுட்டு, என்னையப் பாக்காமலே சொல்லுச்சு.

"ஒங்க தாத்தன் போகமாட்டேன்னுதான் சொன்னாரு. நாந்தேன் போகச் சொன்னேன்."

எனக்கு ஒண்ணும் வெளங்கல. "எங்க அப்பத்தா?"ன்னேன்.

"லைன் பாக்க. தம்பி மலையில ஒளிஞ்சு கெடக்கான், நான் போயி அவன் முதுகுல குத்தவான்னாரு. மேஸ்திரியத் திருப்பி அனுப்பிட்டாரு. நான்தான் அந்தாளப் பின்னாடியே போயிக் கூட்டியாந்தேன். பழமெல்லாம் அழுகிக் குழியில கொட்டிட்டாக. ஏழெட்டு நாளாக் கூலி இல்ல. ஒங்கப்பன் ஒம்பது வயசுப் பய, பிளம்ஸ் பழத்தையே தின்னு வயித்தால போயிக் கெடக்கான். நான் என்னா செய்ய? வண்டி ஓடுனாத்தான் கூட போகும், கூட போனாத்தான் கூலி. நீ போயி வண்டிய ஓடவையின்னேன். போகாட்டி நான் மலையவிட்டே வரமாட்டேன்னேன்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. பொறவு, "வெளிய சொல்லாதன்னுட்டாரு. பொண்டாட்டி சொல்லிப் போனான்னா கேவலம்னு நெனச்சாரோ, எனக்குப் பேரு கெட்டுரும்னு நெனச்சாரோ. அவரே வாங்கிக் கட்டிக்கிட்டாரு"ன்னுச்சு.

எனக்கு அப்பதான் பம்படிக் குடம் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கி அப்பத்தா ஏன் சிரிக்கலன்னு தெரிஞ்சுது.

அது சொன்னத நான் திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாக்குறேன். வேலைநிறுத்தம் வரப்போகுதுன்னு அரசாங்கம் பாசஞ்சர நிறுத்துச்சு. பாசஞ்சர் நின்னதால கூட நின்னுச்சு. கூட நின்னதால அப்பத்தாவுக்குக் கூலி போச்சு. கூலி போனதால தாத்தா லாந்தரத் தூக்குனாரு. தாத்தா தூக்குனதால வேலைநிறுத்தத்துக்கு அடி விழுந்துச்சு. எங்க வீட்டு அடுப்பு வழியாத்தான் அரசாங்கம் வேலைநிறுத்தத்த ஒடச்சிருக்கு. அது எங்களுக்கே தெரியல. நாங்க 27 வருஷம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம இருந்தோம்.

2020இல் இன்னொரு முறை பார்த்தோம். மார்ச்சில் நாடு முழுக்கப் பயணிகள் ரயில் அத்தனையும் நின்றது. கூட்ஸ் நிற்கவில்லை. சனம் தண்டவாளத்தின் மேலேயே ஊருக்கு நடந்தது. 1974 வேலைநிறுத்தம் தொடங்கியது மே 8. 2020இல் அதே மே 8 விடியற்காலை, மகாராஷ்டிராவில் அவுரங்காபாத் பக்கம், நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளிகள் மேல் காலி கூட்ஸ் வண்டி ஒன்று ஏறியது. மத்தியப் பிரதேசத்துக்காரர்கள். பெரும்பாலும் ஆதிவாசிகள். தொழிலாளர் சிறப்பு ரயிலைப் பிடிக்கத்தான் நடந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு எந்த வேலைநிறுத்தமும் இல்லை. பண்டம் போக வேண்டும், சனம் நிற்கலாம் என்று முடிவு செய்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் போதும்.

2023 நவம்பரில் ரயில்வே சங்கங்கள் பழைய ஓய்வூதியத்துக்காக வேலைநிறுத்த வாக்கெடுப்பு நடத்தின. வேலைநிறுத்தம் வரும் வரும் என்று பேச்சு இருந்தது. நியாயமான கோரிக்கை. ஆனால் எனக்கு அப்போதும் இப்போதும் தோன்றுவது ஒன்றுதான். ஸ்டேஷனில் கழிவு அள்ளுகிற, பெட்டி கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லை, புதிய ஓய்வூதியமும் இல்லை. அவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கு வேலைநிறுத்தம் வந்தால் மேஸ்திரி அவர்கள் வாசலுக்குத்தான் வருவார். அதற்கு முன்னால் சங்கம் அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டியலில் ஏழாவதோ எட்டாவதோ கோரிக்கையாக அச்சடித்து வைத்தால் போதாது. கூலி நிற்கிற வீட்டுக்கு அரிசி போக வேண்டும். பழக்கூடை சுமக்கிற பொம்பளையிடம் போய், 'உன் வண்டியை நாங்கள் நிறுத்தவில்லை, அவர்கள் நிறுத்துகிறார்கள்' என்று நேரில் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் கருங்காலி என்று கத்துவது சுலபம்.

திண்டுக்கல்லுலருந்து திரும்புன மறுநாள், அப்பத்தா என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சந்தத் தாண்டிச்சு. சின்னத்தாத்தா செத்துப் பல வருஷமாச்சு. சின்னப்பத்தா திண்ணையில உக்காந்து வெத்தல இடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தா நின்னபடியே எல்லாத்தையும் சொல்லிருச்சு. மேஸ்திரிய, அழுகுன பழத்த, எங்கப்பாவோட வயித்துப்போக்க, எல்லாத்தையும்.

சின்னப்பத்தா இடிக்கிறத நிறுத்தல. ரொம்ப நேரங் கழிச்சு, "அன்னைக்கி எங்க வீட்லயும் கஞ்சி இல்லக்கா"ன்னுச்சு. "நான் எங்காத்தா வீட்ல போயிக் கெடந்தேன். ரெண்டு நாளு பிந்தியிருந்தா நானும் இந்த மனுசன மலையிலருந்து எறக்கி வேலைக்கித் தொரத்தியிருப்பேன்."

பொறவு வெத்தலயப் பங்கு போட்டு, ஒண்ண அப்பத்தாகிட்ட நீட்டுச்சு. அப்பத்தா வாங்கிக்கிட்டுத் திண்ணையில உக்காந்துச்சு.